ரத்து செய்த 11 நாளில் 18 எம்மி பரிந்துரை! புதிய தொடர்களை அமெரிக்க சேனல்கள் அவசரமாக நிறுத்துவது ஏன்?

2021 ஜூலை 2: 'லவ்கிராஃப்ட் கன்ட்ரி' தொடருக்கு இரண்டாவது சீசன் கிடையாது என்று ஹெச்பிஓ அறிவித்தது.

2021 ஜூலை 13: எம்மி விருதுக்கான பரிந்துரைப் பட்டியல் வெளியானது. அதே தொடருக்கு 18 பரிந்துரைகள். சிறந்த டிராமா தொடர் என்ற பெரிய பிரிவும் அதில் உண்டு.

இடையில் இருந்தது 11 நாட்கள் மட்டுமே. அந்தத் தொடரில் நடித்த கோர்ட்னி பி. வேன்ஸ் சிறந்த கௌரவத் தோற்ற நடிகருக்கான எம்மியை வாங்கும்போது, தொடர் முடிந்துபோன கதையாகியிருந்தது.

ஒரே ஒரு முறை நடந்த விபத்து என்று இதை விட்டுவிட முடியாது. அமெரிக்க டிவி வரலாற்றைப் புரட்டினால், முதலில் மூடுவிழா, பிறகு பாராட்டு விழா என்று ஒரு வரிசையே நிற்கிறது. சினிமாவில் நிலைமை அப்படியே தலைகீழ். தியேட்டரில் படுத்த படத்தை ஆஸ்கர் பரிந்துரை எழுப்பி உட்கார வைத்திருக்கிறது. ஒரே ஹாலிவுட், ஒரே மாதிரி விருதுகள். படத்துக்குக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு தொடருக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

படத்துக்கு உயிர் கொடுக்கும் நாமினேஷன்

'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' தெரியும்தானே? ஐஎம்டிபி ரசிகர் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் முதலிடத்தில் இருக்கும் படம். 1994-ல் வெளியானபோது அது தோல்விப் படம். பட்ஜெட் சுமார் 2.5 கோடி டாலர். முதல் சுற்றில் வசூலானது சுமார் 1.6 கோடி டாலர். பெயரே வாயில் நுழையவில்லை, ஜெயில் படம், ஹீரோயின் இல்லை. தோல்விக்கு என்னென்னவோ காரணம் சொன்னார்கள்.

1995-ல் 7 ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன. படத்தை மறுபடியும் தியேட்டரில் போட்டார்கள். மொத்த வசூல் 2.8 கோடி டாலரைத் தொட்டது. ஏழில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் "அட, என்ன படம் இது?" என்று கேட்க வைத்துவிட்டது. வீடியோ கேசட் வாடகையில் ஓடியது. 1997-லிருந்து டிஎன்டி சேனல் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. அப்படித்தான் இன்று நாம் அறிந்த 'கிளாசிக்' ஆனது.

நமக்கு நெருக்கமான உதாரணமும் ஒன்று இருக்கிறது. 'ஸ்லம்டாக் மில்லியனர்'. ஏ.ஆர்.ரஹ்மானுக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த படம் என்றுதான் நமக்கு ஞாபகம். ஆனால் அது அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வராமல் நேரடியாக டிவிடிக்குப் போகும் நிலையில் இருந்தது. அதை வெளியிடுவதாக இருந்த வார்னர் இண்டிபென்டென்ட் நிறுவனம் 2008-ல் இழுத்து மூடப்பட்டது. ஃபாக்ஸ் சர்ச்லைட் உள்ளே வந்தது. டொரன்டோ விழாவில் பார்வையாளர் விருது கிடைத்தது. நவம்பரில் அமெரிக்காவில் வெறும் 10 தியேட்டர்களில் ஆரம்பித்தார்கள். ஜனவரியில் 10 ஆஸ்கர் பரிந்துரை, அதில் 3 ரஹ்மானுக்கு. பிப்ரவரியில் 8 ஆஸ்கர். கடைசியில் அமெரிக்காவில் மட்டும் 14 கோடி டாலருக்கு மேல் வசூல்.

ஆக, நாமினேஷன் என்பது சினிமாக்காரர்களுக்கு வெறும் கௌரவம் கிடையாது. அது இலவச விளம்பரம். ஆஸ்கர் அகாடமிக்கே இது நன்றாகத் தெரியும். 2009 விழாவில் 'தி டார்க் நைட்' 8 பரிந்துரை பெற்றும் சிறந்த படம் பிரிவில் இடம் பெறவில்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு ஜூனில், சிறந்த படம் பிரிவில் இனி 5 அல்ல, 10 படங்கள் என்று அகாடமி அறிவித்தது. இடையில் எண்ணிக்கையை மாற்றிப் பார்த்துவிட்டு, 2022 விழாவிலிருந்து மறுபடியும் 10 என்றே வைத்திருக்கிறார்கள். பட்டியல் நீளமானால், கூடுதலாக சில படங்களுக்கு "சிறந்த படம் பிரிவில் பரிந்துரை" என்று போஸ்டர் ஒட்ட முடியும்.

தொடருக்கு ஏன் இது வேலை செய்வதில்லை?

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒரு படத்துக்குப் பரிந்துரை வரும்போது, செலவெல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. பெட்டிக்குள் படம் தயாராக இருக்கிறது. மறுபடி தியேட்டரில் போடுவதற்கும் கொஞ்சம் விளம்பரத்துக்கும்தான் செலவு. அதற்கு மேல் வருவதெல்லாம் கூடுதல் வரவு.

தொடர் அப்படியில்லை. அதைத் தொடர வேண்டுமானால் புதிதாகப் பணம் போட வேண்டும். இன்னொரு சீசன் எழுத வேண்டும், நடிகர்களின் தேதி வாங்க வேண்டும், செட் போட வேண்டும். பரிந்துரை வந்த சந்தோஷத்தில் இத்தனை கோடியை எடுத்து வைக்க எந்த நிர்வாகியும் தயாராக இல்லை.

இரண்டாவது சிக்கல் காலண்டர். அமெரிக்காவின் பெரிய சேனல்களான என்பிசி, சிபிஎஸ், ஏபிசி, ஃபாக்ஸ் எல்லாம் செப்டம்பரில் புதிய தொடர்களை இறக்கும். அடுத்த ஆண்டுக்கு எது இருக்கும், எது இருக்காது என்பதை மே மாதத்துக்குள் பெரும்பாலும் முடிவு செய்துவிடும். ஏனென்றால் 'அப்ஃப்ரன்ட்' என்ற பெயரில் நியூயார்க்கில் விளம்பரதாரர்களைக் கூட்டி, அடுத்த சீசனைக் கடைவிரிப்பது மே மாதத்தில்தான். எம்மி பரிந்துரைகள் வருவது ஜூலையில். அதாவது ரிசல்ட் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த வரிசையைப் பாருங்கள். 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' தொடரை என்பிசி 2000-ம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தியது. எடுத்தது 18 எபிசோட், அதுவரை ஒளிபரப்பியது 12. அதே ஆண்டு, சிறந்த நடிகர் தேர்வுக்கான எம்மி அந்தத் தொடருக்குக் கிடைத்தது. அப்படி யாரைத் தேர்வு செய்திருந்தார்கள்? சேத் ரோகன், ஜேம்ஸ் ஃப்ராங்கோ, ஜேசன் சீகல், லிண்டா கார்டெலினி. பிறகு ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்தவர்கள்தான். அந்த ஒரு விருது மட்டும் ரொம்பச் சரியான ஆளுக்குப் போயிருக்கிறது.

'ஃபயர்ஃப்ளை' கதை இன்னும் மோசம். 2002 செப்டம்பரில் ஃபாக்ஸ் ஆரம்பித்தது. கதாபாத்திரங்களை அறிமுகப்படுத்தும் இரண்டு மணி நேர முதல் எபிசோடை ஓரமாக வைத்துவிட்டு, வேறு எபிசோடை முதலில் போட்டார்கள். வரிசை மாற்றி மாற்றி ஒளிபரப்பானதில் யார் யாருக்கு என்ன உறவு என்றே பார்ப்பவர்களுக்குப் புரியவில்லை. நேரமோ வெள்ளிக்கிழமை இரவு. எடுத்த 14-ல் 11 எபிசோட் வெளியானதோடு கதை முடிந்தது. இதில் வேடிக்கை, அந்த அறிமுக எபிசோடை கடைசியாக டிசம்பர் 20 அன்று ஒளிபரப்பினார்கள்! அடுத்த ஆண்டு அதே எபிசோடுக்கு சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸ் எம்மி. டிவிடி விற்பனையும் ரசிகர்களின் ஆதரவும் சேர்ந்து 2005-ல் 'செரினிட்டி' என்று சினிமாவாகவே வந்தது.

2009-ல் 'புஷிங் டெய்சீஸ்' தொடருக்காக எம்மி வாங்கிய கிறிஸ்டின் செனோவெத், மேடையிலேயே தனக்கு இப்போது வேலை இல்லை என்று சொல்லி, மற்ற தொடர்களில் வாய்ப்பு கேட்டார். அரங்கம் சிரித்தது. தொடர் இரண்டே சீசனில் நின்றிருந்தது.

விருது நேரத்துக்கு வந்தால் மட்டும் காப்பாற்றிவிடுமா என்றால், அதற்கும் உத்தரவாதம் இல்லை. 1995 ஜனவரியில் 'மை சோ-கால்டு லைஃப்' நாயகி கிளேர் டேன்ஸுக்கு கோல்டன் குளோப் கிடைத்தது. அதே மாதம் தொடரின் 19-வது எபிசோட் வந்தது. அதுவே கடைசி. 'அரெஸ்டட் டெவலப்மென்ட்' 2004-ல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மியையே வாங்கியது. ரேட்டிங் ஏறவில்லை. மூன்றாவது சீசனை 22 எபிசோடிலிருந்து 13 ஆகக் குறைத்தார்கள். கடைசி நான்கையும் 2006 பிப்ரவரி 10 அன்று மொத்தமாகக் கொட்டித் தீர்த்தார்கள். அன்றைக்கு இன்னொரு சேனலில் என்ன ஓடியது தெரியுமா? டூரின் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா. வேண்டாத மருமகள் கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்பார்களே, அந்தக் கதைதான்.

இரண்டே எபிசோடில் எப்படி முடிவு செய்கிறார்கள்?

நம்ம ஊர் டிஆர்பி போல அங்கே நீல்சன் ரேட்டிங். அதிலும் மொத்தம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட, 18 முதல் 49 வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்பதுதான் விளம்பர விலையைத் தீர்மானிக்கும் எண்ணாக இருந்தது.

மே மாதமே விளம்பர நேரத்தை விற்கும்போது, "இத்தனை பேர் பார்ப்பார்கள்" என்று சேனல் உத்தரவாதம் கொடுத்துவிடுகிறது. தொடர் அந்த எண்ணைத் தொடவில்லை என்றால், குறைந்த அளவுக்கு விளம்பரதாரருக்கு இலவச நேரம் தர வேண்டும். ஆக, ஓடாத தொடரை இன்னும் ஆறு வாரம் வைத்திருப்பது வெறும் பொறுமை சம்பந்தப்பட்டதல்ல. ஒவ்வொரு வாரமும் கடன் ஏறுகிறது. அதே இரவில் அடுத்து வரும் தொடரின் பார்வையாளர்களும் கூடவே கழன்றுபோவார்கள்.

2010-ல் ஃபாக்ஸின் 'லோன் ஸ்டார்' விமர்சகர்களிடம் நல்ல பெயர் வாங்கியது. செப்டம்பர் 20, திங்கள் இரவில் 'டான்சிங் வித் தி ஸ்டார்ஸ்', 'டூ அண்ட் எ ஹாஃப் மென்' என்ற இரண்டு யானைகளுக்கு நடுவே அதை இறக்கிவிட்டார்கள். முதல் எபிசோடை சுமார் 40 லட்சம் பேர் பார்த்தார்கள். நமக்கு அது பெரிய எண்ணாகத் தெரியலாம், அன்றைய ஃபாக்ஸுக்கு அது போதவில்லை. இரண்டாவது எபிசோடில் இன்னும் குறைந்தது. அவ்ளோதான், ஆட்டம் க்ளோஸ்.

சில தொடர்கள் அதற்குத் தகுதியானவையும்தான். 2007-ல் சிபிஎஸ் இரண்டே எபிசோடில் நிறுத்திய 'விவா லாஃப்லின்' என்ற பாட்டுப் பாடும் கேசினோ கதைக்காக இன்று யாரும் கண்ணீர் விடுவதில்லை. 1969-ல் ஏபிசியின் 'டர்ன்-ஆன்' முதல் எபிசோட் ஓடிக்கொண்டிருக்கும்போதே க்ளீவ்லேண்ட் நிலையம் ஒளிபரப்பை நிறுத்தியது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று சேனல்காரர்கள் வாதாடினால், இந்த மாதிரி கேஸ்களில் ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால் முளையில் தெரியாத பயிர்களும் உண்டு

1982-ல் 'சியர்ஸ்' ஆரம்பித்தபோது ரேட்டிங் பட்டியலின் அடிவாரத்தில் கிடந்தது. என்பிசி அதை நிறுத்தவில்லை. 1983-ல் சிறந்த நகைச்சுவைத் தொடர் எம்மி வந்தது. 11 சீசன் ஓடியது. அதற்கு முன்பு 'ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' என்ற போலீஸ் தொடர். 1981-ல் யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. இருந்தும் அடுத்த சீசனுக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்த செப்டம்பரில் 21 பரிந்துரை, 8 எம்மி. 1987 வரை ஓடியது. இங்கே விருது உண்மையிலேயே வேலை செய்தது. காரணம், விருது வரும்போது தொடர் உயிரோடு இருந்தது.

என்பிசிக்கு மட்டும் அப்போது ஏன் இவ்வளவு பொறுமை? பெருந்தன்மை என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அன்றைக்கு மூன்று பெரிய சேனல்களில் என்பிசி கடைசி இடத்தில் இருந்தது. எடுத்துவிட்டு வைப்பதற்கு அவர்களிடம் வேறு சரக்கும் இல்லை.

'சைன்ஃபெல்ட்' இன்னும் சுவாரஸ்யம். 1989 ஜூலையில் வந்த முன்னோட்ட எபிசோடுக்கு சோதனைப் பார்வையாளர்கள் கொடுத்த மதிப்பெண் படுமோசம். என்பிசியில் சிறப்பு நிகழ்ச்சிகளைக் கவனித்துவந்த ரிக் லட்வின், தன் பட்ஜெட்டில் இருந்த ஒரு பாப் ஹோப் நிகழ்ச்சியை விட்டுக்கொடுத்து, அந்தப் பணத்தில் வெறும் நான்கு எபிசோட் எடுக்க வைத்தார். ஒரு தொடருக்கு நான்கு எபிசோட் என்பது கிட்டத்தட்ட அவமானம். 1998-ல் அதன் கடைசி எபிசோடைப் பார்த்தவர்கள் 7.6 கோடி பேர்.

2005-ல் அமெரிக்க 'தி ஆபிஸ்' முதல் சீசனும் ஆறு எபிசோட்தான். தப்பித்து 201 எபிசோட் வரை போனது. 2008-ல் 'பிரேக்கிங் பேட்' முதல் சீசனை ஏஎம்சியில் பார்த்தவர்கள் சராசரியாகப் பத்து, பதினைந்து லட்சத்துக்குள்தான். பிறகு நெட்ஃப்ளிக்ஸில் பழைய சீசன்களைப் பார்த்துவிட்டுக் கூட்டம் திரும்பி வந்தது. 2013 செப்டம்பர் 29 அன்று கடைசி எபிசோடுக்கு 1 கோடியைத் தாண்டியது. இந்த ஐந்து தொடர்களையும் 'லோன் ஸ்டார்' அளவுகோலில் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓடிடியில் நேரப் பிரச்னை இல்லையே, அங்கேயும் ஏன்?

நியாயமான கேள்வி. நெட்ஃப்ளிக்ஸில் திங்கள் இரவு 9 மணி ஸ்லாட் என்று எதுவும் கிடையாது. ஒரு தொடர் மூலையில் கிடந்து மெதுவாகப் பிக்அப் ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் ஆரம்பத்தில் எல்லோரும் நினைத்தோம்.

'டார்க்' தொடரைக் கொடுத்த பாரன் போ ஓடார், யான்ட்யே ஃப்ரீஸே ஜோடியின் '1899' வெளியானது 2022 நவம்பர் 17. மூன்று சீசனுக்குத் திட்டமிட்ட கதை. நெட்ஃப்ளிக்ஸ் டாப் 10-லும் இடம்பிடித்தது. 2023 ஜனவரி 2 அன்று ரத்து. ஏழு வாரம்கூட ஆகவில்லை. எட்டாவது எபிசோடின் கடைசிக் காட்சியில் போட்ட முடிச்சு இன்னும் அவிழவில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த வலி.

வெற்றிகரமான எந்தத் தொடரையும் நாங்கள் நிறுத்தியதே இல்லை என்று அதே மாதம் நெட்ஃப்ளிக்ஸ் இணைத் தலைவர் டெட் சரண்டோஸ் பேட்டியில் சொன்னார். பெரிய பட்ஜெட்டில் சின்னக் கூட்டத்திடம் பேசும் தொடர்களைத்தான் நிறுத்துகிறோம் என்பது அவர் விளக்கம். கணக்காகப் பார்த்தால் சரி. ஆனால் கூட்டம் சின்னதா பெரிதா என்று ஏழு வாரத்தில் அளப்பது யார் வைத்த விதி? அந்த அளவுகோலில் 'பிரேக்கிங் பேட்' சின்னக் கூட்டம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு தொடர் வளர வளர நடிகர்கள், எழுத்தாளர்களின் சம்பளம் ஏறும். ஆனால் மூன்றாவது சீசனுக்காக மட்டும் புதிதாகச் சந்தா கட்டுபவர்கள் குறைவு. புத்தம்புதுத் தொடரின் முதல் சீசன்தான் புது ஆட்களை இழுக்கும். அதனால் பழைய தொடரைப் பேணுவதைவிட அடுத்த புதுத் தொடரைத் தொடங்குவது லாபமாகத் தெரிகிறது. பழைய சேனல்களிடம் இந்தக் கணக்கு வேறு. சுமார் 100 எபிசோட் சேர்ந்துவிட்டால் மறு ஒளிபரப்பு உரிமையை நல்ல விலைக்கு விற்கலாம். அதனால் தொடரை இழுத்துப் பிடித்து நடத்த தயாரிப்பாளருக்கு ஒரு காரணம் இருந்தது. எட்டு எபிசோட் சீசன்களில் 100 எண்ணிக்கையை எப்போது தொடுவது?

நஷ்டம் யாருக்கு?

நிறுவனத்துக்கு இல்லை. அவர்களுக்கு அடுத்த தொடர் இருக்கிறது. எழுத்தாளர்களுக்குத்தான் முதல் அடி. ஆண்டுக்கு 22 எபிசோட் என்ற வேலை 8 ஆகச் சுருங்கி, அதுவும் ஒரே சீசனில் நின்றால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது? 2023-ல் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்குப் பின்னால் இந்த நிச்சயமின்மையும் இருந்தது.

அடுத்தது நாம், பார்வையாளர்கள். "எப்படியும் பாதியில் நிறுத்திடுவாங்க, முடிஞ்ச பிறகு மொத்தமா பார்த்துக்கலாம்" என்று உங்கள் நண்பர் யாராவது சொல்லியிருப்பார். நீங்களே சொல்லியிருக்கலாம். அப்படிக் காத்திருப்பதால் முதல் மாத எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைவதால் தொடர் நிற்கிறது. தொடர் நிற்பதால் இன்னும் நிறைய பேர் காத்திருக்க ஆரம்பிக்கிறார்கள். இந்த வட்டத்தைச் சேனல்கள்தான் தொடங்கி வைத்தன. ஆனால் பழி மட்டும் "யாரும் பார்க்கவில்லை" என்று நம் தலையில் விழுகிறது.

ரசிகர்கள் சும்மாவும் இல்லை. 1967-68-ல் கடிதம் எழுதிக் குவித்து 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்கு மூன்றாவது சீசன் வாங்கிக் கொடுத்தார்கள். 2007-ல் 'ஜெரிகோ' ரசிகர்கள் சிபிஎஸ் அலுவலகத்துக்கு டன் கணக்கில் வேர்க்கடலை அனுப்பி ஏழு எபிசோட் கூடுதலாகப் பெற்றார்கள். 2018 மே 10 அன்று ஃபாக்ஸ் கைவிட்ட 'புரூக்ளின் நைன்-நைன்' தொடரை மறுநாளே என்பிசி எடுத்துக்கொண்டது. இவையெல்லாம் விதிவிலக்குகள். நிறுத்தப்பட்ட ஒவ்வொரு தொடருக்கும் ஒரு லோடு வேர்க்கடலை அனுப்பிக்கொண்டிருக்க முடியாது.

கொஞ்சம் மாற்றம் தெரிகிற இடம் ஒன்று உண்டு. நெட்ஃப்ளிக்ஸ் தன் 'அதிகம் பார்க்கப்பட்டவை' பட்டியலுக்கு முதல் 28 நாள் பார்வையைத்தான் முன்பு கணக்கில் எடுத்தது. 2023 ஜூனில் அதை 91 நாளாக மாற்றியது. அதே ஆண்டு எழுத்தாளர் சங்கம் போட்ட ஒப்பந்தத்திலும், அமெரிக்கச் சந்தாதாரர்களில் 20 சதவீதம் பேருக்கு இணையான பார்வை முதல் 90 நாளுக்குள் கிடைத்தால் எழுத்தாளருக்கு போனஸ் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஒரு தொடரை எடை போட மூன்று மாதம் வேண்டும் என்று காகிதத்திலாவது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ரத்து செய்வதற்கு முன்பு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று மட்டும் அந்த ஒப்பந்தத்தில் எந்த வரியும் இல்லை.